தேள் கொட்டினால் துடிக்கிறோம், கட்டுவிரியன் கடித்தால் அடங்கிப்போகிறோம்: இரண்டும் ‘நரம்பு விஷம்’தானா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி நீளம், சாரம் இதுதான். போன வருஷம் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், விறகெடுக்கப் போன அம்மாவின் விரலில் தேள் கொட்டிவிட்டது. இரவு முழுக்க “கையில கரண்ட் ஓடுது” என்று துடித்தவர், விடிந்ததும் கொழுந்தெடுக்கப் போய்விட்டார். அதே வருஷம் வெல்லவாயப் பக்கம் கூலி வேலைக்குப் போயிருந்த சித்தப்பா தரையில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் கடித்தது. வலி என்று ஒன்றுமே இல்லை. நுளம்புக் கடி என்று நினைத்துத் திரும்பிப் படுத்தவருக்கு விடியும்போது கண்ணிமையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து மூச்சுக் கொடுத்து, பல நாள் கழித்துத்தான் மீண்டார். “இரண்டையும் நரம்பு விஷம் என்கிறார்கள். அப்படியானால் ஒன்று ஏன் துடிக்க வைக்கிறது, மற்றது ஏன் அடக்கிப் போடுகிறது? வகுப்பில் சோடியம் கால்வாய் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு மருந்து ஏற்றிய பிறகும் ஏன் அத்தனை நாள் எடுத்தது?”

‘நரம்பு விஷம்’ என்பது ‘வண்டி பழுது’ என்பது மாதிரி ஒரு பேச்சு. பிரேக் பிடிக்காததும் பழுதுதான், ஸ்டார்ட் ஆகாததும் பழுதுதான். தேளின் விஷம் நரம்பிழையின் சுவரில் இருக்கும் சோடியம் கதவில் கை வைக்கிறது. கட்டுவிரியன் அந்தக் கதவைத் தொடுவதே இல்லை, நரம்பு போய் முடிகிற நுனியில் வேலையைக் காட்டுகிறது. உங்கள் வீட்டில் ஒரே வருஷத்தில் இரண்டையும் பார்த்துவிட்டீர்கள். நான் உடற்றொழிலியல் கற்பிக்கிறவன், ஹப்புத்தளைப் பக்கத்து லயத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். எனக்கு இது விளங்கியது பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து அல்ல, லயத்தை நினைத்துப் பார்த்துத்தான். அதனால் அப்படியே சொல்கிறேன்.

பத்து வீட்டு லயம் ஒன்று. வெளியே அடைமழை, நனைந்துகொண்டு பெரிய கூட்டம் நிற்கிறது. உள்ளே ஆள் குறைவு. எல்லா முன்கதவும் சாத்தியிருக்கிறது. வெளியே நிற்கும் கூட்டம்தான் சோடியம் அயன்கள். நரம்புக் கலத்துக்கு உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு சோடியம் வெளியே இருக்கிறது. போதாததற்கு உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் மறையாக இருக்கிறது. சோடியமோ நேரேற்றம் உள்ளது. கூட்டமும் தள்ளுகிறது, உள்ளிருந்தும் இழுக்கிறது. கதவு திறந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் வீட்டுக் கதவு திறக்கிறது, கூட்டம் உள்ளே பாய்கிறது. அந்த அதிர்ச்சியில் அடுத்த வீட்டுக் கதவு குலுங்கித் திறக்கிறது. பிறகு அதற்கடுத்தது. இப்படியே கடைசி வீடு வரைக்கும் ஆரவாரம் போய்ச் சேருகிறது. இதுதான் தாக்க அழுத்தம். ஆரவாரம் போகிற வழியில் தேய்வதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகக் கூட்டம் பாய்கிறது. அப்புறம் பின்கதவு வழியாகப் பொற்றாசியம் வெளியேறி, வீடு பழைய நிலைக்கு வருகிறது.

நிறைய மாணவர்கள் தவறவிடுகிற இடம் இனிமேல்தான் வருகிறது, விஷக் கதையும் இங்கேதான் இருக்கிறது. முன்கதவு திறந்து ஒரு மில்லிசெக்கன் ஆவதற்குள், வெளியே கூட்டம் இன்னும் முண்டிக்கொண்டு நிற்கும்போதே, உள்ளிருந்து ஒரு ஆப்பு வந்து விழுந்து வழியை அடைத்துவிடும். இப்படி அடைபட்ட கதவைக் கொஞ்ச நேரத்துக்கு எவ்வளவு குலுக்கினாலும் திறக்காது. அதனால்தான் செய்தி முன்னே போகிறது, வந்த வழியே திரும்பி ஓடுவதில்லை. கதவு வெறுமனே சாத்தியிருப்பதும், ஆப்பு விழுந்து அடைபட்டிருப்பதும் ஒன்றல்ல. சாத்தியிருக்கும் கதவு குலுக்கினால் திறக்கும், அடைபட்டது திறக்காது. பரீட்சையில் ‘மூடிய நிலை’ என்று பொதுவாக எழுதினால் புள்ளி போகும்.

கணவாயின் தடித்த நரம்பிழையில் கம்பி செருகி இந்தக் கணக்கையெல்லாம் போட்டவர்கள் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1952இல் கட்டுரைகள் வெளிவந்தன, 1963இல் நோபல் பரிசு. அப்போது அந்தக் கதவு என்ன பொருளால் ஆனது, எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. மின்னோட்டம் ஏறி இறங்குவதைப் பார்த்தே இப்படி ஒரு கதவும், அதை அடைக்க ஏதோ ஒன்றும் இருந்தாக வேண்டும் என்று கணக்கில் எழுதிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது அதுதான்.

கதவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஏறத்தாழ 2000 அமினோ அமிலம் கோத்த ஒரே பெரிய புரதம் அது. நான்கு பகுதிகள் வட்டமாக உட்கார்ந்து நடுவில் ஒரு துளையை விட்டிருக்கின்றன. ஒவ்வொரு பகுதியும் மென்சவ்வை ஆறு தடவை ஊடுருவுகிறது. அந்த ஆறில் நான்காவது துண்டுதான் உணரி. அதில் மூன்றுக்கு ஒன்றாக நேரேற்ற அமினோ அமிலங்கள் வரிசை கட்டியிருக்கும். உட்பக்கம் மறையாக இருக்கும் வரைக்கும் அது உள்நோக்கி இழுபட்டுக் கிடக்கும். மறை குறைந்தால் வெளிப்பக்கம் எழும்பும். முதல் மூன்று பகுதிகளின் உணரிகள் சட்டென்று எழும்பினால் கதவு திறக்கிறது. நான்காவது பகுதியின் உணரி சோம்பேறி, சற்றுப் பிந்தித்தான் எழும்பும். அது எழும்பியதும், ‘சரி, போதும்’ என்பது போல ஆப்பு விழுகிறது. ஆப்பு என்று நான் சொல்வது மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையில் உள்ள சிறு பாலத்தில் இருக்கும் மூன்றே மூன்று அமினோ அமிலங்கள்: ஐசோலூசின், பீனைலலனின், மெதியோனின். அது போத்தலுக்குத் தக்கை போல நேரே துளையில் போய் அடைக்கிறது என்றுதான் நான் படிக்கிற காலத்தில் சொல்லித் தந்தார்கள். அண்மைக் காலத்தில் எடுத்த உருவப்படங்களைப் பார்த்தால், அது பக்கவாட்டில் போய்ச் செருகிக்கொண்டு துளையை நெருக்கி அடைக்கிறது.

இப்போது தேளைக் கூப்பிடலாம்.

விஷம் என்பது ஒரு கலவை, நச்சு என்பது அதில் உள்ள தனி மூலக்கூறு. ஒரு தேளின் விஷத்தில் பல்வேறு நச்சுகள் கலந்திருக்கும். அவற்றில் அல்பா நச்சு எனப்படுவது 60, 70 அமினோ அமிலம் மட்டுமே உள்ள சின்னப் புரதம். நான்கு கந்தகப் பாலங்கள் போட்டு இறுக்கிக் கட்டிய பொட்டலம் மாதிரி இருப்பதால் லேசில் சிதையாது. கதவைத் திறப்பது அதன் வேலை அல்ல. உடைப்பதும் அல்ல. அது வெளிப்பக்கமாக வந்து அந்தச் சோம்பேறி நான்காவது உணரியின் மேல் உட்கார்ந்துகொள்கிறது, எழும்ப விடுவதில்லை. 2019இல் வெளியான உருவப்படத்தில் அது அப்படி உட்கார்ந்திருப்பதை அணு அணுவாகக் காணலாம்.

மற்ற மூன்று உணரிகளும் வழக்கம் போல எழும்புகின்றன, கதவு திறக்கிறது. ஆனால் ‘போதும்’ என்று சொல்ல வேண்டியவனை அமுக்கிப் பிடித்திருப்பதால் ஆப்பு விழுவது தாமதமாகிறது. ஒரு மில்லிசெக்கனில் முடிய வேண்டிய பாய்ச்சல் நீண்டுகொண்டே போகிறது. ஒரு தடவை கூப்பிட வேண்டிய நரம்பு திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறது. வலி நரம்பில் இது நடந்தால் மூளைக்குப் போகிற செய்தி நிற்கவே நிற்காது. உங்கள் அம்மா ‘கரண்ட் ஓடுது’ என்றது உவமையே இல்லை. நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நம் ஆட்கள் பழமொழி வைத்திருக்கிறார்கள். நரம்பு சத்தம் போடுவதை நிறுத்தாமல் வாய் மட்டும் மூடியிருப்பது எத்தனை பெரிய தண்டனை என்று தெரிந்துதான் வைத்திருப்பார்கள்.

அமெரிக்கக் கண்டத்துத் தேள்களில் பீட்டா என்று இன்னொரு வகை நச்சு அதிகம். அது இரண்டாம் பகுதியின் உணரியை எழும்பிய நிலையிலேயே பிடித்து வைத்துக்கொள்வதால், குலுக்காமலேயே கதவு திறக்கப் பார்க்கும். விளைவு என்னவோ கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவைக் கொட்டியது பெரும்பாலும் நம் மலையில் விறகடியிலும் கல்லிடுக்கிலும் கிடக்கும் கறுத்த பெரிய தேள், நட்டுவக்காலி என்போமே, அதுவாகத்தான் இருக்கும். பார்க்கப் பயங்கரம், விஷமோ அத்தனை வீரியம் இல்லை. வலிக்கும், வீங்கும், மறுநாள் வேலைக்குப் போகலாம், அம்மா போன மாதிரி. அதன் விஷத்தில் சோடியம் கதவைவிட பொற்றாசியப் பின்கதவில் கை வைக்கும் நச்சுகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். அது வேறு கதவு என்றாலும், வீடு பழைய நிலைக்கு வரத் தாமதித்தால் நரம்பு துடிக்கத்தான் செய்யும்.

சோடியம் கதவுக் கூத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் யாழ்ப்பாணத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இருக்கும் செந்தேள், இந்தியாவிலும் ஆளைக் கொல்கிற அதே இனம். அறிவியல் பெயரில் ‘தாமுலஸ்’ என்று தமிழின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. அது கொட்டினால், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளைக் கொட்டினால், வலியோடு நிற்பதில்லை. இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் வியர்வைச் சுரப்பிகளையும் ஆட்டுவிக்கும் தன்னியக்க நரம்புகளின் கதவுகளும் அடைபடாமல் போகின்றன. முதலில் வாந்தி, கொட்டுகிற வியர்வை, வாயில் எச்சில். பிறகு அதிரினலின் வகைச் சுரப்புகள் வெள்ளமாக வருகின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்கி, கை கால் குளிர்ந்து, இதயம் படபடத்து, கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கிறது. அந்த விஷத்தில் பொற்றாசியக் கதவைச் சாத்தும் மூலக்கூறும் சேர்ந்தே இருக்கிறது. முன்கதவு அடையாது, பின்கதவு திறக்காது.

இதற்கு வழி கண்டவர் மகாராஷ்டிராவின் மஹாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற வைத்தியர். நரம்பிலே கதவைச் சரிசெய்யப் போகாமல், அந்த அதிரினலின் வெள்ளம் இரத்தக் குழாயில் போய் ஒட்டும் இடத்தை அடைத்தால் என்ன என்று யோசித்தார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் என்ற மலிவான மாத்திரை. 1986இல் அதைப் பற்றி எழுதினார். ஊர்ப்புற ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு, மாத்திரை ஒன்றை வைத்து எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியவர். உடற்றொழிலியல் ஏன் படிக்க வேண்டும் என்று மாணவர்கள் முகத்தைச் சுளிக்கும்போதெல்லாம் நான் அவரைத்தான் சொல்வேன்.

கதவு அடைபடாமல் போனால் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தேள் தேவையில்லை. இன்றைக்கு இரவு குசினியில் ஒரு கரப்பான்மேல் பூச்சி மருந்து அடித்துவிட்டு, விட்டுப் போகாமல் இரண்டு நிமிஷம் குந்தியிருந்து பாருங்கள். முதலில் கண்டபடி ஓடும். பிறகு கால்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் பின்னும். மல்லாக்க விழுந்து ஆறு காலையும் உதறும். உதறல் சிறுத்துச் சிறுத்து, கால் நுனி மட்டும் துடிக்கும், அப்புறம் அதுவும் நிற்கும். நுளம்புச் சுருளிலும் அந்த ஸ்பிரேயிலும் இருக்கிற பைரெத்ராய்டு என்ற மருந்து வகை பூச்சியின் சோடியம் கதவைச் சாத்தவிடாமல் செய்கிறது. உட்காருகிற இடம் தேளின் நச்சு உட்காரும் இடம் அல்ல, ஆனால் கூத்து அதேதான். நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்றால், நம் கதவு அதற்கு அவ்வளவாக மசிவதில்லை, உடம்புச் சூட்டில் அதன் பிடி தளர்கிறது, ஈரலும் சீக்கிரம் உடைத்துத் தள்ளிவிடுகிறது. பூனையின் ஈரலுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் பூனைமேல் போட்டுவிடாதீர்கள். சுருள் கொளுத்தியும் சாகாத நுளம்பு சிலவற்றில் இதே கதவுப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம், 1014ஆம் இடத்து லூசின், பீனைலலனினாக மாறியிருக்கும். 2000இல் ஒன்று மாறினால் மருந்துக்குப் பிடி கிடைக்காமல் போகிறது.

இதற்கு நேர் எதிரானது, கதவைத் திறக்கவே விடாமல் அடைப்பது. அதையும் அனுபவித்திருப்பீர்கள். பல் பிடுங்கப் போயிருக்கிறீர்களா? பண்டாரவளையில் நான் கடைவாய்ப் பல் பிடுங்கிவிட்டு வந்து, குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு பிளேன்டீ வாங்கினேன். கீழுதடு பாதி எனக்குச் சொந்தமில்லை. தேத்தண்ணீர் தாடை வழியாக ஒழுகிச் சட்டையில் சொட்டியது, கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஊசியில் இருந்தது லிக்னோகேன். அது நரம்புக்குள் நுழைந்து, உட்பக்கமாகப் போய்ச் சோடியம் கதவின் துளையில் உட்கார்ந்துகொள்ளும். ஓயாமல் திறந்து மூடுகிற கதவில்தான் அது சுலபமாக ஏறும் என்பதால், கத்துகிற நரம்புதான் முதலில் அடங்கும்.

பேத்தை மீனில் உள்ள டெட்ரோடொக்சின் இதையே வெளிப்பக்கமாக நின்று செய்கிறது. துளையின் வாயில் அச்சாகப் பொருந்தி அடைத்துவிடும். 1964இல் நராஹாஷியும் கூட்டாளிகளும் சிங்கிறாலின் நரம்பில் போட்டுப் பார்த்து, அது சோடியம் பாய்ச்சலை மட்டும் நிறுத்துகிறது, பொற்றாசியத்தைத் தொடுவதில்லை என்று காட்டினார்கள். பேத்தை மீன் அதைக் கடித்துச் செலுத்துவதில்லை, தின்றால்தான் ஆபத்து. ஆனால் நீல வளைய ஒக்டோபஸ் அதே மூலக்கூறைக் கடித்தே செலுத்துகிறது. கடல் கூம்புச் சங்குகளின் விஷத்தில் இப்படி அடைக்கிற நச்சும் உண்டு, அடையவிடாத நச்சும் உண்டு. மீனை முதலில் விறைக்க வைத்து, பிறகு தளர வைத்து விழுங்கும் அந்த நத்தைக்கு இரண்டும் தேவைப்படுகிறது. இந்த நச்சுகள் பிடிக்கும் இடங்களுக்கு ஒன்று முதல் எண் போட்டு ஒரு பட்டியல் இருக்கிறது. பரீட்சைக்கு வேண்டுமானால் மனப்பாடம் செய்யுங்கள். விளங்கிக்கொள்வதற்கு, வாயை அடைப்பது, உணரியை அமுக்குவது, உணரியைத் தூக்கிப் பிடிப்பது என்ற மூன்று போதும்.

சரி, சித்தப்பாவுக்கு வருகிறேன்.

லயத்தின் கடைசி வீட்டுக்கு ஆரவாரம் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் தசை அந்த லயத்தில் இல்லை, எதிரே இருக்கிற, வேலைக்கு ஆட்கள் கூடுகிற பிரட்டுக்களத்தில் நிற்கிறது. இடையில் ஒரு சிறு இடைவெளி. கடைசி வீட்டிலிருந்து அசற்றைல்கோலின் என்ற தூதன் ஓடிப்போய்ச் சொன்னால்தான் அங்கே வேலை தொடங்கும். கட்டுவிரியனின் முக்கியமான நச்சுகள் இந்தக் கடைசி வீட்டைத்தான் குறிவைக்கின்றன. பீட்டா பங்காரோடொக்சின் எனப்படுவது நரம்பு நுனிக்குள் இருக்கும் தூதர்களையெல்லாம் தீர்த்துவிட்டு நுனியையே சிதைத்துவிடுகிறது. நாகத்தின் நச்சு வேறு விதம். தூதன் போகிறான், ஆனால் களத்தில் கேட்க வேண்டிய காதை அது பொத்திக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் சோடியம் கதவுகள் ஒழுங்காகத் திறந்து அடைபடுகின்றன. லயம் முழுக்கக் கூப்பிடுகிறது, களத்தில் கேட்கவில்லை. முதலில் இமை தொங்குகிறது, பிறகு விழுங்க முடியவில்லை, கடைசியில் மூச்சு விடும் தசையும் ஓய்கிறது. வலி நரம்புக்கு இந்த நச்சு போய்த் தொல்லை கொடுப்பதில்லை. அதனால்தான் நுளம்பு என்று திரும்பிப் படுத்தார். கட்டுவிரியன் கடியில் வலி இல்லாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்தவர்கள் பலர்.

விஷமுறிவு மருந்து இரத்தத்தில் அலைகிற நச்சைப் பிடிக்கும். நுனி ஏற்கனவே சிதைந்திருந்தால் அதை ஒட்டவைக்காது. நரம்பு தானாகப் புது நுனி வளர்க்க வேண்டும், அதற்கு நாள்கணக்கு, சிலருக்கு வாரக்கணக்கு. அது வரைக்கும் மெஷின் மூச்சை இழுத்துக் கொடுத்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று சித்தப்பா வீட்டில் யாராவது குறைபட்டால், அது மேலும் சிதைவதைத் தடுத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

பாம்புக்கும் சோடியம் கதவுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், அப்படியும் அறுதியாகச் சொல்ல முடியாது. தென்கிழக்காசியாவின் நீலப் பவளப்பாம்பு ஒன்றின் விஷத்தில், தேளைப் போலவே கதவை அடைபடவிடாத நச்சு இருப்பதை 2016இல் கண்டுபிடித்தார்கள். மற்றப் பாம்புகளைத் தின்கிற பாம்பு அது. இரை திரும்பிக் கடிப்பதற்குள் விறைத்துப்போனால் அதற்கு நல்லதுதானே.

விஷத்தால் வந்த நன்மை ஒன்று பாடப்புத்தகத்தில் இருக்காது. இந்தக் கதவுப் புரதத்தைக் கலத்திலிருந்து தனியே பிரித்தெடுக்க விஞ்ஞானிகள் தவித்த காலத்தில், தூண்டிலாகப் பயன்பட்டதே தேள் நச்சுதான். 1980இல் வில்லியம் கேட்டரலின் ஆய்வுகூடத்தில் தேள் நச்சின்மேல் ஒளி பட்டால் ஒட்டிக்கொள்ளும் பசை மாதிரி ஒன்றைச் சேர்த்து, நரம்புக் கலத்தில் விட்டு, எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். ஒட்டியது சோடியம் கதவில். ஹொட்ஜ்கின் காலத்தில் கணக்கில் மட்டும் இருந்த கதவு அப்படித்தான் கைக்குச் சிக்கியது. 1984இல் ஜப்பானில் நூமாவின் குழு மின்விலாங்கின் கதவுப் புரதத்தினுடைய முழு அமினோ அமில வரிசையையும் படித்துவிட்டது.

மனிதனில் இந்தக் கதவு ஒன்பது வகை. தசைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, வலி நரம்புகளில் சில. வலி நரம்பில் இருக்கும் ஏழாம் வகை பிறவியிலேயே வேலை செய்யாத சில குடும்பங்களைப் பற்றி 2006இல் பாகிஸ்தானிலிருந்து செய்தி வந்தது. அவர்களுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. தெருவில் தணல்மேல் நடந்து வித்தை காட்டிய சிறுவன் ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் தேடிப்போனார்கள். அந்த ஒரு வகையை மட்டும் அடைக்கிற மருந்து கிடைத்தால் மயக்கம் தராத வலி மருந்து கிடைக்குமே என்று சிலந்தி விஷத்தையெல்லாம் அலசினார்கள். ஏழாம் வகை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. எட்டாம் வகையை அடைக்கும் மாத்திரை ஒன்று, சுசெட்ரிஜின், 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது விஷத்திலிருந்து வந்ததல்ல. ஆனால் அமெரிக்கப் பாலைவனத்தில் ஒரு எலி அதே வித்தையை முன்பே செய்துகொண்டிருந்தது. அங்குள்ள தேளைப் பிடித்துத் தின்னும்போது கொட்டு வாங்கினால், கொஞ்சம் நக்கிவிட்டுத் தொடர்ந்து தின்னும். அதன் எட்டாம் வகைக் கதவில் ஏற்பட்ட சிறு மாற்றத்தால், தேள் நச்சு அங்கே போய் ஒட்டிக் கதவைத் திறக்கவிடாமல் செய்துவிடுகிறது. கொட்டினாலே வலி குறைகிறது. 2013இல் வந்த ஆய்வு இது.

கடைசியாக, தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம். நம் மலையில் கொழுந்தெடுக்கிற கைக்கு எதிர்ப்படுவது பெரும்பாலும் பச்சை விரியனும் கோப்பி விரியனும். இரண்டின் விஷமும் முக்கியமாக நரம்பைத் தாக்குவதல்ல. வீக்கம், கொப்புளம், இரத்தம் உறையாமை, கோப்பி விரியனில் சில வேளை சிறுநீரகமும் பழுதாகும். ஆஸ்பத்திரிகளில் இருக்கும் இந்தியத் தயாரிப்பு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கானது. இந்த இரண்டுக்கும் அல்ல. மருந்து ஏற்றவில்லையே என்று வைத்தியரோடு சண்டைக்குப் போகாதீர்கள். எந்தக் கடியானாலும் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். மோதிரம் காப்பைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸ் வரவையுங்கள். தேள் கொட்டிய பிள்ளைக்கு வாந்தியும் வியர்வையும் வந்து கை கால் குளிர்ந்தால், கறுப்புத் தேளா சிவப்பா என்று ஆராய்ந்துகொண்டு நிற்காமல் கொண்டுபோங்கள்.

தேளைப் பார்த்தால் முன்பக்க இடுக்கியையும் வாலையும் ஒப்பிடுங்கள். இடுக்கி தடித்து வால் மெலிந்திருந்தால் அது பலத்தால் பிடிக்கிற தேள், விஷம் பெரும்பாலும் லேசு. இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் விலகி நில்லுங்கள். கடைகளில் நோட்டுச் சோதிக்கிற சின்ன ஊதா டார்ச் இருக்கிறதே, அப்படி ஒன்று கிடைத்தால் இரவில் இஸ்தோப்பு விறகுக் கட்டின்மேல் அடித்துப் பாருங்கள். தேளின் தோல் அந்த வெளிச்சத்தில் பச்சையும் நீலமுமாக மினுங்கும். அம்மா விறகெடுக்கக் கை நீட்டுமுன் அது எந்தக் கட்டைக்கு அடியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.